லிங்குவா போய் குளோசா வந்த கதை

சென்னையில் ஜர்னல் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தி இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வெளியாகும் ஆய்விதழ்களில் கணிசமானவை பக்கங்களாக உருவாவது சென்னையிலும் புதுச்சேரியிலும்தான். அங்கே ஒரு பேராசிரியர் வேர்டு கோப்பாக அனுப்பியது இங்கே திருத்தப்பட்டு, எக்ஸ்எம்எல் ஆகி, பிடிஎஃப் ப்ரூஃபாகத் திரும்பிப் போகும். நானும் சில வருஷம் அப்படி ஒரு கம்பெனியில் காப்பி எடிட்டராக இருந்தேன். உரையில் சொன்ன மேற்கோள் கடைசிப் பட்டியலில் இருக்கிறதா, ‘அட்டவணை 3’ என்று எழுதிவிட்டு இரண்டே அட்டவணை அனுப்பியிருக்கிறாரா, ஒரே ஆளின் பெயர் நாலாம் பக்கத்தில் ஒரு விதமாகவும் ஒன்பதாம் பக்கத்தில் வேறு விதமாகவும் வருகிறதா என்று பார்த்து, ஓரத்தில் ஏக்யூ போட வேண்டும். ஏக்யூ என்றால் கட்டுரையாளரிடம் நாங்கள் கேட்கும் கேள்வி. பிழைப்பே அதுதான்.

அப்படி நான் கமா போட்டு அனுப்பிய கட்டுரை ஒன்று வெளியான பிறகு, அதில் ஒரு பத்தியைத் திரும்பப் படிக்க ஆசை வந்தது. வீட்டுக் கணினியில் தேடினேன். சுருக்கம் மட்டும் வந்தது. முழுசாகப் படிக்க முப்பது சொச்சம் டாலர் கேட்டது. எந்தப் பதிப்பகம் என்பது முக்கியமில்லை, பெரிய பதிப்பகங்கள் எல்லாவற்றிலும் அதுதான் வழக்கம். அந்தப் பணத்தில் எழுதியவருக்கு ஒரு பைசா போகாது என்று எனக்குத் தெரியும். தரம் பார்த்துச் சொன்ன பேராசிரியர்களுக்கும் போகாது. பக்கம் கட்டிய எங்களுக்கு எவ்வளவு வந்தது என்பதும் தெரியும். அப்படியானால் முப்பது டாலர் எதற்கு?

இந்தக் கேள்விக்குப் புத்தகப் பதில்கள் நிறைய உண்டு. எனக்கு விளங்கியது என்னவோ 2015-ல் ஒரு மொழியியல் இதழில் நடந்ததைப் படித்தபோதுதான். அங்கே ஓர் ஆய்விதழின் எல்லா உறுப்புகளும் ஒரே நேரத்தில் இடம் மாறின. ஒன்று மட்டும் மாறவில்லை. எது மாறவில்லையோ அதற்குத்தான் விலை.

இருந்த நிலைமை

லிங்குவா என்ற இதழ் 1949-ல் ஆம்ஸ்டர்டாமின் நார்த்-ஹாலண்ட் பதிப்பகத்தில் தொடங்கியது. பின்னாளில் அந்தப் பதிப்பகமே எல்செவியர் என்ற பெரிய பதிப்பகத்துக்குள் போய்விட, இதழும் கூடவே போனது. எந்த ஒரு மொழிக்கும் கோட்பாட்டுப் பள்ளிக்கும் கட்டுப்படாமல் பொது மொழியியல் முழுவதற்கும் இடம் கொடுத்த இதழ். அதில் ஒரு கட்டுரை வந்தால் வேலைக்கான நேர்காணலில் மதிப்பு. 2015-ல் அதன் தலைமை ஆசிரியர் யோஹான் ரோரிக், நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு மொழியியல் பேராசிரியர். அவரையும் சேர்த்து 6 ஆசிரியர்கள். அதுபோக 31 பேர் கொண்ட ஆலோசனைக் குழு.

வேலை எப்படி நடந்தது என்று பார்த்தால்தான் பின்னால் வரும் சண்டை புரியும். ஒரு மொழியியலாளர் இரண்டு மூன்று வருஷம் உழைத்துக் கட்டுரை எழுதுகிறார். அந்த நாட்களுக்குச் சம்பளம் கொடுப்பது அவருடைய பல்கலைக்கழகம், பெரும்பாலும் மக்களின் வரிப்பணம். இதழாசிரியர் அதைப் படித்து, தேறும் என்று பட்டால் அதே துறையில் இரண்டு மூன்று பேருக்கு அனுப்புகிறார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கி, ‘நாலாம் பகுதியில் உள்ள உதாரணம் உங்கள் வாதத்துக்கே எதிராக இருக்கிறதே’ என்று நாலு பக்கம் எழுதி அனுப்புகிறார்கள். அதற்குக் கூலி கிடையாது. திருத்தி, திரும்ப அனுப்பி, ஏற்றுக்கொண்ட பிறகு ஒரு படிவம் வரும். பதிப்புரிமையைப் பதிப்பகத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று எழுதியவர் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகுதான் கோப்பு எங்களைப் போன்ற கம்பெனிகளுக்கு வரும். கடைசியில், எழுதியவருக்குச் சம்பளம் கொடுத்த அதே பல்கலைக்கழகத்தின் நூலகம் சந்தா கட்டி அதைத் திரும்ப வாங்கும்.

சந்தாவிலும் ஒரு சங்கதி உண்டு. நூலகம் தனக்கு வேண்டிய இதழை மட்டும் எடுப்பது எளிதல்ல. பெரிய பதிப்பகங்கள் நூற்றுக்கணக்கான இதழ்களை ஒரே கட்டாகக் கட்டி விற்கும். நம் ரேஷன் கடையில் ‘சர்க்கரை வேணும்னா இந்த டீத்தூளும் எடுத்துக்கணும்’ என்பார்களே, அந்தக் கணக்கு. எல்செவியரின் தாய்க் குழுமமான ரெலெக்ஸ், 2015-ல் தன் அறிவியல் பதிப்புப் பிரிவில் ஏறக்குறைய 207 கோடி பவுண்டு வருவாயும் 76 கோடி பவுண்டு செயல்பாட்டு லாபமும் காட்டியது. நூறு ரூபாய் வந்தால் முப்பத்தாறு ரூபாய்க்கு மேல் லாபம். மூலப்பொருளும் தரப் பரிசோதனையும் இலவசமாகக் கிடைக்கும் தொழிலில் இது ஆச்சரியமும் இல்லை.

லிங்குவாவில் இலவச வாசிப்புக்கு வழியே இல்லாமல் இல்லை. எழுதியவர் 1,800 டாலர் கட்டினால் அந்த ஒரு கட்டுரையை எல்லாருக்கும் திறந்துவிடுவார்கள். அன்றைய மாற்று விகிதத்தில் ஒரு லட்சத்துப் பதினேழாயிரம் ரூபாய்க்குப் பக்கம். அப்படித் திறந்த பிறகும் இதழுக்கான சந்தா தனியாக ஓடிக்கொண்டிருக்கும். இப்படி இரண்டு கையாலும் வாங்குவதற்கு ‘ஹைப்ரிட்’ என்று நாகரிகமாக ஒரு பெயர்.

கேட்டதும் மறுத்ததும்

நெதர்லாந்தில் அந்த ஆண்டு சூடு ஏற்கெனவே ஏறியிருந்தது. பல்கலைக்கழகங்களின் சங்கம் எல்செவியரோடு புதிய ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தது. பேச்சு நகராததால் ஜூலையில், எல்செவியர் இதழ்களில் தலைமை ஆசிரியராக இருக்கும் டச்சுப் பேராசிரியர்கள் அந்தப் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொண்டது. ரோரிக் அந்த அழைப்பை ஏற்றுத் தான் மட்டும் விலகியிருக்கலாம். விலகியிருந்தால் அடுத்த மாதம் வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்திருப்பார்.

அவர் செய்தது வேறு. ஆசிரியர்கள் எல்லாரும் சேர்ந்து பதிப்பகத்திடம் கோரிக்கை வைத்தார்கள். கட்டுரைகள் எல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்க வேண்டும். பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்க வேண்டும். வெளியீட்டுக் கட்டணம் 400 யூரோவைத் தாண்டக் கூடாது, அதாவது முப்பதாயிரம் ரூபாய்க்கு உள்ளே. அப்புறம் கடைசியாக ஒன்று: லிங்குவா என்ற பெயர் ஆசிரியர் குழுவின் சொத்தாக வேண்டும்.

முதல் மூன்றையும் பேரம் பேசி ஏதாவது ஒரு இடத்தில் முடித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். நாலாவதுதான் அடிமடியில் கைவைத்தது. எல்செவியர் மறுத்துவிட்டது. 400 யூரோவில் இதழ் நடத்தக் கட்டுப்படியாகாது, பல காலம் பணமும் உழைப்பும் போட்டு வளர்த்த இதழை இலவசமாகத் தூக்கிக் கொடுக்க முடியாது என்பது அதன் வாதம். முழுக்கத் தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல இது. கட்டுரை வாங்கும் மென்பொருள், சர்வர், ஐம்பது வருஷம் கழித்தும் கோப்பு திறக்கும்படி பாதுகாப்பது, திருட்டுக் கட்டுரைப் புகார் வந்தால் வக்கீல் என்று உண்மையிலேயே செலவு இருக்கிறது. ஆனால் வளர்த்தது யார் என்ற இடத்தில்தான் இடிக்கிறது. பொறுக்கி எடுத்து, திருத்தச் சொல்லி, நல்ல பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள்தானே கோரிக்கையோடு எதிரே நிற்கிறார்கள்.

அக்டோபர் கடைசியில் 6 ஆசிரியர்களும் 31 குழு உறுப்பினர்களும் ஒட்டுமொத்தமாக விலகினார்கள். ஒருவர்கூடத் தங்கவில்லை. நம் கல்லூரிகளில் ஒரு துறைக் கூட்டத்தில் 7 பேரை ஒரே முடிவுக்குக் கொண்டுவருவதைப் பார்த்தவர்களுக்கு, பல நாடுகளில் இருக்கும் 37 பேர் ஒரே சொல்லில் நின்றதன் அருமை தெரியும். நடந்தவற்றிலேயே எனக்குப் பெரிய வியப்பு இதுதான். ஒப்பந்தப்படி ஆண்டுக் கடைசிவரை வேலையைச் செய்து கொடுத்துவிட்டுத்தான் வெளியே போனார்கள்.

வெளியே வந்தவர்களுக்கு இதழ் வேண்டும், அதற்குப் பெயர் வேண்டும். லிங்குவா என்றால் லத்தீனில் நாக்கு. மொழி என்றும் பொருள். கிரேக்கத்தில் அதே இரண்டு பொருளும் உள்ள சொல் குளோசா. பெயரைத் தர மாட்டாயா, சரி என்று அதையே மொழிபெயர்த்து வைத்துக்கொண்டார்கள். மொழியியல்காரர்களால் மட்டும் செய்ய முடிகிற குறும்பு. 2016-ல் குளோசா, லண்டனின் யுபிக்விட்டி பிரஸ் வழியாக வரத் தொடங்கியது.

பணம் எங்கிருந்து வந்தது

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ராஜினாமாவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கைதட்டல் அங்கேதான் கிடைக்கும். ஆனால் ராஜினாமாக் கடிதம் கொடுக்கும்போதே பணத்துக்கு ஏற்பாடு முடிந்திருந்தது என்பதைத்தான் நான் அழுத்திச் சொல்வேன். ரோரிக்கும் மற்றவர்களும் லிங்ஓஏ என்ற அமைப்பை உருவாக்கியிருந்தார்கள். டச்சுப் பல்கலைக்கழகச் சங்கமும், அந்நாட்டின் ஆய்வு நிதி அமைப்பான என்டபிள்யூஓவும் முதல் ஐந்து ஆண்டுக்கான கட்டுரைக் கட்டணத்தை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருந்தன. கையில் பணமில்லாத ஆய்வு மாணவர் கட்டுரை அனுப்பினாலும் அவரிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

சரி, ஐந்து வருஷம் கழித்து? அதற்கும் பதில் வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் மார்ட்டின் ஈவ், கரோலின் எட்வர்ட்ஸ் என்ற இருவர் தொடங்கிய ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹ்யுமானிட்டிஸ் 2015-ல்தான் இதழ்களை வெளியிட ஆரம்பித்திருந்தது. நூலகங்கள் ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை ஒரு பொது உண்டியலில் போடும். அதிலிருந்து இதழ்கள் நடக்கும். எழுதுபவரும் கட்ட வேண்டாம், படிப்பவரும் கட்ட வேண்டாம். சந்தா கட்டாத நூலகத்தின் வாசகருக்கும் அதே பக்கம்தான் திறக்கும். கோயில் அன்னதானத்துக்குக் கட்டளைதாரர் கட்டுவது மாதிரி. சாப்பிட வருகிறவரிடம் யாரும் ரசீது கேட்பதில்லை. இந்த நூலக ஏற்பாடு குளோசாவைப் பின்னால் ஏற்றுக்கொள்ளும் என்று முதலிலேயே பேச்சு.

2021-ல் குளோசா யுபிக்விட்டியை விட்டு ஓப்பன் லைப்ரரியின் தளத்துக்கு மாறியது. அப்போது எந்தச் சண்டையும் இல்லை, செய்தியும் பெரிதாக இல்லை. பெயர் ஆசிரியர்களுடையது என்பதால் பெட்டி படுக்கையோடு வீடு மாற்றினார்கள், அவ்வளவுதான். 2015-ல் அந்த நாலாவது கோரிக்கையில் ஏன் அத்தனை பிடிவாதம் என்பதற்கு, யாருமே கவனிக்காத இந்த இடமாற்றத்தைவிட நல்ல விளக்கம் இல்லை.

வராமல் நின்றவை

லிங்குவா மூடப்படவில்லை. எல்செவியர் புதிய ஆசிரியர்களை அமர்த்தி நடத்தியது, இன்றும் வருகிறது. விலகியவர்களின் வட்டாரத்தில் அதை ‘ஸோம்பி லிங்குவா’ என்று அழைத்தார்கள். கொஞ்சம் கடுமையான பேச்சு. அங்கே எழுதியவர்கள் எல்லாரும் துரோகிகள் இல்லை. வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கும் ஒரு இளைஞருக்குப் பெயர் தெரிந்த இதழ் வேண்டும். புதிய இதழுக்கு முதல் சில வருஷம் இம்பேக்ட் ஃபேக்டர், அதாவது அதன் கட்டுரைகளை மற்றவர்கள் எவ்வளவு மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற மதிப்பெண், இருக்காது, எத்தனை நல்ல ஆசிரியர் இருந்தாலும். நம் ஊரில் இதைச் சொன்னால் உடனே புரியும். ஆய்வு மாணவரைப் பார்த்து வழிகாட்டி முதலில் கேட்பதே, “ஸ்கோபஸ்ல இருக்கா?” என்றுதான், அதாவது அந்த ஆய்விதழ்ப் பட்டியலில் இதழ் சேர்ந்திருக்கிறதா என்று. கட்டுரையில் என்ன இருக்கிறது என்பது அதற்கு அடுத்த கேள்வி. நிரந்தர வேலையில் இருக்கும் பேராசிரியர்கள் முதலில் அங்கே எழுதி, இதழுக்கு மதிப்பை ஏற்றிக் கொடுத்தால்தான் பிள்ளைகள் பின்னால் வர முடியும். குளோசாவில் அது நடந்தது. மொழியியல் ஒருவரையொருவர் அறிந்த சிறிய துறை என்பது அதற்குப் பெரிய உதவி.

1949 முதல் 2015 வரையான பழைய இதழ்களும் கூட வரவில்லை. எழுதியவர்கள் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியராக இருந்து தானே தேர்ந்தெடுத்த கட்டுரையை ரோரிக்கால் இலவசமாகப் போட முடியாது.

லிங்குவாதான் முதல் என்றும் இல்லை. 2001-ல் மெஷின் லேர்னிங் என்ற இதழின் குழுவிலிருந்து 40 பேர் விலகி, யாரும் படிக்கும்படி இணையத்திலேயே வரத் தொடங்கியிருந்த ஒரு புதிய இதழின் பக்கம் போனார்கள். இன்று செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேசுகிறவர்கள் அந்த இதழைக் கடக்காமல் போக முடியாது. 2003-ல் கணினியியல் மேதை டொனால்ட் க்னூத் தன் இதழின் விலை ஏறிய விதத்தைக் கணக்குப் போட்டு, சக ஆசிரியர்களுக்கு நீண்ட கடிதம் எழுதினார். அந்தக் குழுவும் வெளியேறியது. 2006-ல் டோப்பாலஜி என்ற கணித இதழ். குளோசாவுக்குப் பிறகு 2023-ல் நியூரோஇமேஜ் என்ற மூளைப் பட ஆய்விதழ்.

இந்தக் கடைசி நிகழ்வில் ஒரு திருப்பம். நியூரோஇமேஜ் ஏற்கெனவே எல்லாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய இதழாக மாறியிருந்தது. ஆனால் எழுதுபவர் கட்டுரைக்கு 3,450 டாலர் கட்ட வேண்டும். 40 ஆசிரியர்களுக்கு மேல் விலகியது அந்தக் கட்டணத்தை எதிர்த்து. வாசற்கதவைத் திறந்து வைத்துவிட்டு எழுதுகிறவரிடம் நுழைவுச்சீட்டு கேட்டால், வசதி இல்லாத நாட்டின் ஆய்வாளர் படிக்கலாம், எழுத முடியாது. லிங்குவாக்காரர்கள் இலவச வாசிப்போடு கட்டணத் தொகையையும் பெயரையும் சேர்த்தே கேட்டதன் நியாயம், எட்டு வருஷம் கழித்து இங்கே தெரிகிறது.

டச்சுப் பல்கலைக்கழகச் சங்கம் 2015 ஜூலையில் மிரட்டிய அந்தப் புறக்கணிப்பு என்ன ஆயிற்று? டிசம்பரிலேயே எல்செவியரோடு உடன்பாடு வந்துவிட்டது. 2018-க்குள் அந்தப் பதிப்பகத்தின் இதழ்களில் வரும் அந்நாட்டு ஆய்வாளர்களின் கட்டுரைகளில் 30 சதவீதத்தைத் திறந்துவிடுவது என்று பேசி முடித்தார்கள். ரோரிக் பின்னர் கோலிஷன் எஸ் அமைப்பின் செயல் இயக்குநரானார். தாங்கள் பணம் கொடுத்த ஆய்வு உடனடியாகத் திறந்திருக்க வேண்டும் என்று ஆய்வு நிதி அமைப்புகள் 2018-ல் சேர்ந்து அமைத்தது அது.

இங்கிருந்து பார்க்கும்போது

2018-ல் குளோசாவில் சந்தியா சுந்தரேசன் ஒரு கட்டுரை எழுதினார். அவர் எடுத்துக்கொண்ட முக்கியச் சான்று நம் ‘தான்’. ‘தான் ஜெயித்துவிட்டதாக ராணி நினைத்தாள்’ என்கிறோமே, அந்தத் ‘தான்’ ராணியைச் சுட்டுவதோடு நிற்பதில்லை, ராணியின் பார்வையில் நின்று சொல்லப்படுகிறது. யாருடைய பார்வை என்பது வாக்கிய அமைப்பிலேயே பொதிந்திருக்கிறது என்று வாதிடும் கட்டுரை. ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அது வேறு வழக்கு. ஆனால் திருநெல்வேலியிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒரு தமிழாசிரியர் செல்பேசியில் அதைத் திறந்து, உதாரண வாக்கியங்களை மட்டுமாவது பார்த்து, ‘இப்படி யாரும் பேச மாட்டார்களே’ என்று சண்டைக்கு வரலாம். காசு கட்டினால்தான் திறக்கும் பக்கத்தில் அந்தச் சண்டைக்கு இடமே இல்லை.

இந்தியா எடுத்திருக்கும் வழி வேறு. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள், 6,300-க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு. மாவட்டத் தலைநகர் அரசுக் கல்லூரி மாணவிக்கு இது நல்ல காலம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இது வாடகை. மூன்றாவது வருஷம் முடிந்ததும் மறுபடி பேச வேண்டும், அப்போதும் பெயர்கள் அவர்களிடமே இருக்கும். தவிர, கல்லூரி அடையாள அட்டை இல்லாதவருக்குக் கதவு முன்பு போலவேதான். படிப்பை முடித்து வெளியேறியவர், ஊர் வரலாறு தேடும் ஓய்வுபெற்ற தாசில்தார், என்னைப் போல ஒரு காலத்தில் கமா போட்டவர் யாரும் அந்தக் கணக்கில் இல்லை.

முதலில் சொன்ன அந்தக் கட்டுரை பிறகு கிடைத்தது. எழுதியவருக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். நீங்கள் யார் என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மறுநாளே கோப்பை இணைத்துப் பதில் போட்டிருந்தார். பதிப்பகம் வெளியிட்ட வடிவத்தைப் பகிர ஒப்பந்தத்தில் இடமில்லை, அதனால் அச்சுக்குப் போவதற்கு முன் தான் வைத்திருந்த வேர்டு கோப்பை அனுப்புகிறேன் என்று வருத்தம் வேறு தெரிவித்திருந்தார். திறந்து பார்த்தேன். அட்டவணை 3 இன்னும் இல்லை. நான் போட்ட கமா ஒன்றுகூட அதில் கிடையாது.